கக்கன் அமைச்சராக என்ன செய்தார்? ஆஸ்பத்திரிக் கதையைத் தாண்டி யாராவது சொல்லுங்கள்

தல்லாகுளத்தான்:
எங்கள் பகுதி நூலகத்தில் பழைய காங்கிரஸ் அமைச்சர் கக்கனைப் பற்றி அரை மணி நேரம் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எங்கே தேடினாலும் ஒரே சம்பவம்தான் வருகிறது: மதுரை அரசு மருத்துவமனையில் முன்னாள் மேயர் மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர்., பொது வார்டில் கிடந்த கக்கனைப் பார்த்துக் கலங்கிப் போனார் என்பது. படிக்கும்போது எனக்கும் மனது கனக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 1957 முதல் 1967 வரை பத்து வருடம் தொடர்ந்து அமைச்சராக இருந்தவர், அதில் உள்துறையும் பார்த்தவர், அவருடைய அரசியலைப் பற்றிச் சொல்ல நமக்கு ஒன்றுமே இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் எழுதுங்கள்.

மேலூர்ப் பக்கம்:
நல்ல கேள்வி நண்பரே. நான் கக்கன் பிறந்த தும்பைப்பட்டிக்குப் பக்கத்து ஊர்தான், இங்கேயும் மேடையில் எளிமை எளிமை என்றே பேசி முடித்துவிடுகிறார்கள். முதலில் 1939 ஜூலை 8-லிருந்து தொடங்குங்கள். மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் தலைமையில், பட்டியல் சாதியினருக்கு அதுவரை தடை இருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். எதிர்ப்பு சாதாரணமாக இல்லை, கூட்டிப் போனவர்களையும் உள்ளே விட்ட கோயில் அதிகாரியையும் காப்பாற்ற ராஜாஜி அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்புறம் 1942-ல் ஜெயில், அதன் பிறகு அரசியல் நிர்ணய சபை, 1952-ல் மதுரையிலிருந்து மக்களவை. காமராஜர் 1954-ல் முதல்வரானதும் மாநிலக் காங்கிரஸ் தலைவர் பொறுப்பு கக்கனிடம்தான் வந்தது. கட்சியை நடத்தத் தெரியாதவரிடம் காமராஜர் கட்சியைக் கொடுப்பாரா? அவரை வெறும் நல்ல மனிதராக மட்டும் பார்க்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை.

பழைய கோப்பு:
இலாகாக்களை வரிசையாகப் பார்த்தாலே படம் தெளிவாகிவிடும். 1957-ல் பொதுப்பணித் துறையும் ஆதிதிராவிடர் நலமும் (அன்றைய பெயர் ஹரிஜன நலம்), 1962-ல் விவசாயம், 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறை. பொதுப்பணித் துறை அன்றைக்குச் சின்ன இலாகா இல்லை. வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது, சாத்தனூர், மணிமுத்தாறு எல்லாமே அந்தச் சில வருடங்களில் முடிந்தவை. திட்டம் போட்டதில் பலருக்குப் பங்கு உண்டு, எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. ஆனாலும் காண்டிராக்ட் பணம் புரளும் துறையில் ஐந்து வருடம் உட்கார்ந்துவிட்டு, பதவி போன பிறகு வாடகை வீட்டில் இருந்தார் என்று சொல்லும்போதுதான் அந்த எளிமைக்கே அர்த்தம் வருகிறது. ஏழையாக இருந்தார் என்று மட்டும் சொன்னால் பரிதாபம்தான் மிஞ்சும். லஞ்ச ஒழிப்புத் துறை 1964-ல் தொடங்கப்பட்டதும் அவர் உள்துறையில் இருந்த காலம்தான்.

மேலூர்ப் பக்கம்:
உள்துறையைப் பற்றி இன்னொன்று. 1957 செப்டம்பரில் பட்டியல் சாதித் தலைவர் இமானுவேல் சேகரன் கொலை, முதுகுளத்தூர் சாதிக் கலவரம், கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு என்று தென் மாவட்டமே கொதித்தது. அதற்கு ஆறே வருடத்தில், அதே தென் பகுதியிலிருந்து வந்த பட்டியல் சாதிக்காரர் ஒருவர் மாநிலப் போலீஸுக்கே அமைச்சர். எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பெரியவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை மேடையில் சொல்ல ஏன் தயங்குகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

கோரிப்பாளையம்:
எல்லாம் சரி, 1965-ஐ யாரும் தொடவில்லையே? இந்தி எதிர்ப்புப் போராட்டம் மதுரையில் ஜனவரி 25-ல் வெடித்தது, இரண்டு நாளில் சிதம்பரத்தில் மாணவர் ராசேந்திரன் சுடப்பட்டு இறந்தார், பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. அப்போது போலீஸ் அமைச்சர் கக்கன். முடிவெடுத்தது முதல்வர், பின்னால் டெல்லி இருந்தது என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் பொறுப்பில் இருந்தவருக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1967-ல் அரிசிப் பஞ்சத்தோடு இந்தக் கோபமும் சேர்ந்துதான் காங்கிரஸைச் சாய்த்தது. விருதுநகரில் காமராஜர், ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம், மேலூர் பக்கம் கக்கன், மூன்று பேருமே தோற்றார்கள். இதை விட்டுவிட்டுப் பேசினால் கூட்டத்தில் வயதானவர் யாராவது எழுந்து கேட்பார், கேட்கவும் வேண்டும்.

தல்லாகுளத்தான்:
எல்லோருக்கும் நன்றி. 1965-ஐச் சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நூலகத்துக்காரர்கள் தயங்குகிறார்கள்.

பழைய கோப்பு:
ஆகாது. அவர் பொறுப்பில் இருந்தவர், பொறுப்பான கேள்விகளுக்கு உரியவர். ஆஸ்பத்திரிச் சம்பவத்தைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள், எம்.ஜி.ஆர். அரசு செய்த உதவியையும் 1981 டிசம்பரில் கக்கன் இறந்ததையும் சேர்த்து. மீதி நேரத்தை 1957 முதல் 1967 வரைக்குக் கொடுங்கள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் மானியக் கோரிக்கை (துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்பது) விவாதங்கள் இருக்கும், அவர் சபையில் கொடுத்த பதில்களைத் தேடிப் பிடித்து ஒன்றிரண்டை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.