டொயோட்டா தலைவர் பந்தயத்தில் கார் ஓட்டுவது சரியா?

சக்கரம்77:
2025 ஜூனில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் 'மொரிஸோ' என்ற பெயரில் ஒருவர் டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ் கார் ஓட்டினார். வயது 69. அவர்தான் டொயோட்டாவின் சேர்மன் அகியோ டொயோடா. அதே அணியில் அவர் மகன் டைசுகேயும் ஓட்டினார். அகியோ அங்கே பந்தயத்தில் முதலில் ஓட்டியது 2007-ல். அப்போது கம்பெனியின் துணைத் தலைவர்களில் ஒருவர். உள்ளே பெரிய ஆதரவு இல்லாததால் டொயோட்டா பெயரைக்கூட வண்டியில் போட முடியவில்லை. 'கஸூ ரேசிங்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, செகண்ட்ஹேண்டில் வாங்கிய இரண்டு அல்டெஸா கார்களோடு போனார்கள். 2009-ல் தலைவர் ஆன பிறகும், 2023 ஏப்ரலில் சேர்மன் ஆன பிறகும் ஓட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

நேற்று இங்கே ஒருவர் இதைக் கம்பெனி செலவில் நடக்கும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கார் செய்கிற கம்பெனியின் தலைவருக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லை என்பது என் கருத்து.

பேரேடு:
எழுதியது நான்தான். பொழுதுபோக்கு என்ற சொல் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை.

அகியோவுக்குப் பந்தய ஓட்டம் கற்றுக்கொடுத்தவர் ஹிரோமு நருசே, டொயோட்டாவின் தலைமை டெஸ்ட் டிரைவர். அந்தத் தடத்தை அவரளவுக்கு அறிந்தவர்கள் ஜப்பானில் மிகக் குறைவு. 2010 ஜூன் 23 அன்று நூர்பர்க்ரிங் பக்கத்துச் சாலையில் டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் எல்எஃப்ஏ காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது எதிரே வந்த காரோடு மோதி இறந்துபோனார். குருவுக்கே அந்த முடிவு.

அது என்ன வருடம் என்றும் பாருங்கள். 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் டொயோட்டாவுக்கு 46,100 கோடி யென் செயல்பாட்டு நஷ்டம். அடுத்து அமெரிக்காவில் ரீகால் பிரச்சினை, விற்ற கார்களைக் குறை சரிசெய்யத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2010 பிப்ரவரியில் அகியோ அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து பதில் சொன்னார். நான்கே மாதத்தில் இந்தச் சாவு. அன்று வண்டியில் இருந்தது அவராக இருந்திருந்தால்? லட்சக்கணக்கான குடும்பங்கள் நம்பியிருக்கிற நாற்காலி அது. அதில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் உயிர் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைக்க உரிமை இல்லை.

தறிக்காரன்:
பேரேடு சார், உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அதே நருசே என்ன சொல்லி இவரை ஓட்ட வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாதவர் வண்டியைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது, இங்கே உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று முதலாளி வீட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். வேறொருவராக இருந்தால் ஆளை மாற்றியிருப்பார். இவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார்.

எனக்கு இது எங்கள் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறது. சோமனூரில் எட்டுத் தறி போட்டிருந்தோம். அப்பா திண்ணையில் கூலிக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். எட்டும் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் பேசினால்கூடக் கேட்காது. திடீரென்று பேனாவை வைத்துவிட்டு நேராக ஆறாம் தறிக்குப் போவார். ஊடு நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடா, அதன் பெட்டிக்குள் சரியாக உட்காரவில்லை என்பது அவர் காதுக்குத் தெரிந்துவிடும். இன்னும் நாலு அடி அடித்திருந்தால் நாடா நடுவில் சிக்கி, பாவு நூல் கொத்தாக அறுந்திருக்கும். கணக்கு நோட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

டொயோடா குடும்பமும் தறியில் இருந்து வந்ததுதான். அகியோவின் கொள்ளுத்தாத்தா சகிச்சி 1924-ல் முடித்த தானியங்கித் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தாலே தறி தானே நின்றுவிடும். தறி முன்னால் பல வருடம் நின்றவனுக்குத்தான் அந்த யோசனை வரும்.

மீனா ஒரகடம்:
தறிக்காரன் அண்ணா, ஆறாம் தறிச் சத்தம் அப்பாவுக்குக் கேட்டது சரி. எட்டாயிரம் தறி இருந்தால் கேட்குமா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், 2022-ல் ஹினோவில் புகைச் சோதனைத் தரவில் மோசடி, 2023-ல் டைஹட்சுவில் பாதுகாப்புச் சோதனை மோசடி. இரண்டும் டொயோட்டா குழுமத்தின் கம்பெனிகள். டைஹட்சுவில் விசாரணைக் குழு 64 மாடல்களில் முறைகேடு கண்டது. 2024 ஜனவரியில் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸின் டீசல் எஞ்சின் சிக்கலால் நம் ஊரிலேயே இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். அது சகிச்சி தொடங்கிய கம்பெனியேதான். அந்த ஜூனில் டொயோட்டாவின் சொந்த மாடல்களிலும் சான்றிதழ் குளறுபடி என்று அகியோ தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் இருந்தேன். ஒருநாள் பி ஷிஃப்ட் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு லைனில் செக் ஷீட்டைப் புரட்டினேன். இரவு பத்து மணி வரைக்குமான டார்க் அளவுகள், அதாவது போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்ற அளவுகள், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், நிரப்பி வைத்தாகிவிட்டது. அந்தப் பையனைக் கேட்டேன். "அக்கா, லைனை நிறுத்தி அளந்தால் டார்கெட் போய்விடும், திட்டு எனக்குத்தான்" என்றான். டார்க் ரெஞ்ச் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எங்கள் பிளாண்ட் ஹெட்டும் நல்ல டிரைவர்தான். அவர் வண்டியில் எவ்வளவு வேகம் போனாலும் அந்தப் பையனின் பயம் அவருக்குத் தெரிய வராது.

அதனால் பேரேடு சொல்லும் உயிர் ஆபத்து எனக்கு இரண்டாம் பட்சம். பந்தயத் தடத்தில் செலவழித்த வார இறுதிகளில் கொஞ்சத்தை அவர் அந்தச் சோதனைக்கூடங்களில் செலவழித்திருக்க வேண்டும்.

சக்கரம்77:
மீனா, இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. தவறு நடந்தது உண்மை, தலைமையின் பொறுப்பும் உண்மை. ஆனால் பந்தயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஒருநாள்கூடப் பந்தயம் ஓட்டாத தலைவர்கள் இருந்த கார் கம்பெனிகளிலும் இதைவிடப் பெரிய மோசடிகள் நடந்திருக்கின்றன.

பந்தயத்தால் என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். 2021 மே மாதம் ஃபுஜி 24 மணி நேரப் பந்தயத்தில் ஹைட்ரஜனை எரித்து ஓடும் கொரோலாவை இறக்கினார்கள். ஜிஆர் யாரிஸின் 1.6 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினைத்தான் மாற்றி வைத்திருந்தார்கள். மொரிஸோவும் ஓட்டினார். 24 மணி நேரத்தில் வண்டி தடத்தில் ஓடியது ஏறக்குறையப் பாதி நேரம்தான், மீதி நேரம் எரிவாயு நிரப்புவதிலும் சரிபார்ப்பதிலும் போனது. உலகமே பார்க்கிற இடத்தில் அரைகுறை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தத் துணிச்சல் வேண்டும். அடுத்து திரவ ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரி. 2023 மார்ச்சில் சோதனை ஓட்டத்தில் தீப்பிடித்தது. எஞ்சின் பக்கத்துக் குழாயின் இணைப்பு அதிர்வில் தளர்ந்து வாயு கசிந்திருக்கிறது. சுசுகா பந்தயத்தைத் தவறவிட்டார்கள். குழாயைச் சூடான பகுதியிலிருந்து தள்ளி வைத்து, மே மாதம் அதே வண்டியை ஃபுஜியில் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார்கள், மொரிஸோவும் ஏறினார். நேற்று தீப்பிடித்த வண்டியில் சேர்மனே ஏறுகிறார் என்றால் அந்த இணைப்பை இறுக்குகிறவர் எத்தனை முறை சரிபார்ப்பார்!

பேரேடு:
ஹைட்ரஜன் வண்டியை ஓட்டிக்காட்டினார் சரி, அதைச் சாலையில் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள்? 2022-ல் டொயோட்டா, லெக்ஸஸ் சேர்த்து விற்ற முழு மின்சார கார்கள் சுமார் 24,000. மொத்த விற்பனை 95 லட்சத்துக்கு மேல். எஞ்சின் சத்தத்தின் மேல் தலைவருக்கு உள்ள பிரியம் கம்பெனியின் பாதையைத் தீர்மானிக்கிறதோ என்பதுதான் என் பயம். பங்குதாரர் கூட்டத்தில் அவருக்குக் கிடைத்த ஆதரவு 2022-ல் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2024-ல் ஏறக்குறைய 72-க்கு இறங்கியது. அது சும்மா இறங்காது.

சக்கரம்77:
2025-ல் 96-ஐத் தாண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டின் செயல்பாட்டு லாபம் 5 லட்சம் கோடி யென்னுக்கு மேல், அதில் ஹைபிரிட் வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவசரப்படாதது அவருக்குக் கைகொடுத்தது.

பேரேடு:
லாபத்தை மறுக்கவில்லை. தொழிலில் கெட்டிக்காரர். 69 வயதில் இரவில், மற்ற கார்கள் உரசிக்கொண்டு போகிற தடத்தில் இறங்குவதைத்தான் மறுக்கிறேன். சோதனைத் தடத்தில் தனியாக ஓட்டட்டும், வண்டியைப் பற்றி அங்கேயும் தெரிந்துகொள்ளலாம்.

தறிக்காரன்:
தனியாக ஓட்டினால் தெரியாது சார். சூப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கம்பெனி நிறுத்திவிட்டிருந்த காலம் அது. நூர்பர்க்ரிங்கில் அந்தப் பழைய சூப்ராவில்தான் இவர் பழகினார். மற்ற கம்பெனிகளின் வெளிவராத புது வண்டிகள் இவரைத் தாண்டித் தாண்டிப் போயின. அந்த அவமானத்தை அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். 2019-ல் புது சூப்ரா வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆளில்லாத தடத்தில் ஓட்டியிருந்தால் யார் தாண்டியிருப்பார்கள்?

மீனா சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன். அப்பா எட்டுத் தறியோடு நிறுத்திக்கொண்டார், அதற்கு மேல் போட்டால் காது எட்டாது என்பார்.

மீனா ஒரகடம்:
அதைத்தான் சொல்கிறேன் அண்ணா. தீப்பிடித்த குழாயைப் பற்றி ஊரறியச் சொன்னார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கே தளர்ந்தது, என்ன மாற்றினோம் என்று சொன்னார்கள், ஒரு பந்தயத்தை விட்டுக்கொடுத்தார்கள். டைஹட்சுவில் மோதல் சோதனை செய்தவருக்கும் அதே அனுமதி இருந்திருந்தால்? "இன்று தயாராகவில்லை, இந்தத் தேதி முடியாது" என்று அவரும் சொல்லியிருப்பார். அவர் ஓட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பந்தயத்தில் வண்டியைச் சரிபார்க்கும் அந்தப் பிட்டில் மெக்கானிக் அவரிடம் நேரே பேசுகிற மாதிரி, லைனில் நிற்கிற பையனும் பேச முடிகிறதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.