வாத்து முட்டைக்குத் தண்ணீர் தெளிப்பவன் முட்டாளா?

வயலோரம் (மன்னார்குடி பக்கம்)
நேற்று வேறொரு கோழி வளர்ப்புக் குழுவில் ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார்: "அடையில் இருக்கும் வாத்து முட்டைக்குத் தண்ணீர் தெளிப்பது கிராமத்து மூடப்பழக்கம். தெளித்தால் முட்டை அழுகும்." இதற்கு நாற்பது பேர் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

நான் 22 வருடமாக வாத்து வைத்திருக்கிறேன். அப்பா அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்த்தே எங்களைப் படிக்க வைத்தவர். போன தை மாதம் ஓர் அடைக்கோழிக்கு 9 வாத்து முட்டை வைத்தேன். பத்தாம் நாளிலிருந்து தினமும் கோழி இரை எடுக்க இறங்கும் நேரம் பார்த்துக் கையால் தண்ணீர் தெளித்தேன். 28ஆம் நாள் 8 குஞ்சு. மிச்சம் ஒன்று கூமுட்டை. அதுவும் வைக்கும்போதே கூமுட்டை.

தாய் வாத்து அடையை விட்டு இறங்கினால் நேராகக் குளத்துக்குத்தான் போகும். ஒரு முங்கு முங்கிவிட்டு ஈர இறகோடு வந்து முட்டை மேல் உட்காரும். அதுவும் மூடப்பழக்கமா? அந்த மகானுபாவர் போய் வாத்துக்கு வகுப்பெடுக்கட்டும்.

தெர்மோகோல்
அந்த மகானுபாவர் நான்தான். பெயரைப் போடாமல் விட்டதற்கு நன்றி அண்ணா.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. 37 டிகிரி சூட்டில் இருக்கும் முட்டைமேல் பச்சைத் தண்ணீரைத் தெளித்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஓட்டின் மேலுள்ள அழுக்கையும் கிருமியையும் உள்ளே இழுக்கும். அதுதான் அழுகல். இன்னொன்று, முட்டை அடையில் எடை குறைந்தாக வேண்டும். 70 கிராம் வாத்து முட்டை 25ஆம் நாள் 61 கிராம் பக்கம் வந்திருந்தால்தான் காற்றறை போதுமான அளவு இருக்கும். ஈரம் அதிகமானால் எடை இறங்காது. குஞ்சு உள்ளேயே நீர் கோத்துச் சாகும். என்னிடம் தராசு இருக்கிறது, ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் இருக்கிறது. 55 சதவீதத்தில் வைக்கிறேன். ஒரு சொட்டு தெளித்ததில்லை.

வயலோரம்
தராசு உங்களிடம் இருக்கிறது. குஞ்சு என்னிடம் இருக்கிறது. 9க்கு 8.

தாராக்குளம் (யாழ்ப்பாணம்)
அண்ணை, ஒரு சின்னக் கேள்வி. எந்த வாத்து? காம்பெல், பீக்கிங், மணிலா இனங்களில் ஒன்றா, இல்லை கூஸ் என்கிற பெரிய வாத்தா? மணிலாவுக்கு 35 நாள் வேண்டும், மற்ற வாத்துகளுக்கு 28, கூஸுக்கு 30 நாள் பக்கம். இனத்தைச் சொன்னால்தான் தண்ணீர் பற்றிப் பேசலாம். எங்கள் பக்கம் இவை எல்லாவற்றுக்கும் தாரா என்று ஒரே பெயர். அதனால் எங்களுக்குள்ளும் இந்தச் சண்டை வரும்.

வயலோரம்
தாரா என்பது மலையாளம் தம்பி. தமிழில் வாத்து.

தாராக்குளம்
யாழ்ப்பாணத்துக்கு யார் மலையாளம் கொண்டுவந்தார்களோ தெரியவில்லை. அதை விடுங்கள். எந்த வாத்து?

மாடித்தோட்டம் (சென்னை)
வயலோரம் அண்ணா, உங்களைப் பின்பற்றித்தான் நானும் செய்கிறேன். ஊரிலிருந்து மாமா 4 கூஸ் முட்டை கொடுத்தார். வீட்டில் இரண்டு கூஸ் இருந்தால் பாம்பு, திருடன் எதுவும் வராது என்றார். முட்டை பொரிக்கும் சின்ன இன்குபேட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், இன்று 12ஆம் நாள். ரோஜாச் செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயரால் தினமும் லேசாக அடிக்கிறேன். சரிதானே?

தெர்மோகோல்
அக்கா, அந்த ஸ்ப்ரேயரில் பூச்சிமருந்து அடித்ததுண்டா?

மாடித்தோட்டம்
வேப்பெண்ணெய் மட்டும்தான்.

தெர்மோகோல்
எண்ணெய்! ஓட்டில் எண்ணெய்ப் படலம் விழுந்தால் துளை அடைத்துக்கொள்ளும், குஞ்சுக்கு மூச்சு முட்டும். பாருங்கள் அண்ணா, உங்கள் தெளிப்புப் பிரசாரம் எங்கே கொண்டுவந்து விட்டது என்று.

வயலோரம்
நான் கையால் தெளிக்கச் சொன்னேன். ஸ்ப்ரேயரால் அடிக்கச் சொன்னேனா? எண்ணெய் தெளிக்கச் சொன்னேனா? மேலே போய்ப் படியுங்கள். இப்படித்தான் போன வருடம் கருங்கோழி பற்றிய பேச்சிலும் நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

அம்மா, நீங்கள் புது ஸ்ப்ரேயர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தெளிப்பதை நிறுத்த வேண்டாம். கூஸ் முட்டையைப் படுக்க வைத்து தினம் மூன்று முறையாவது புரட்டிப் போடுங்கள், இந்தப் பக்கம் ஒரு பெருக்கல் குறி, அந்தப் பக்கம் ஒரு வட்டம் பென்சிலால் போட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

தெர்மோகோல்
கருங்கோழி விஷயத்தில் நீங்கள் எழுதியது இன்னும் அங்கேயே இருக்கிறது. ரத்தமும் கருப்பு என்று எழுதினீர்கள். நான் சிவப்பு என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

வயலோரம்
கருஞ்சிவப்பு என்று எழுதினேன்.

தெர்மோகோல்
திருத்தியிருக்கிறீர்கள்.

சும்மா_வந்தேன்
பிலிப்பைன்ஸில் வாத்து முட்டையைப் பாதி அடையிலேயே எடுத்து அவித்து, உள்ளே குஞ்சோடு சாப்பிடுகிறார்கள். பலூட் என்று பெயர். அங்கே இந்தத் தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது.

மாடித்தோட்டம்
சாப்பிடும் நேரத்தில் இதைப் போட வேண்டுமா?

தாராக்குளம்
சரி, நானே சொல்கிறேன். முட்டைக்குள் குஞ்சு வளர வளர அதுவே சூடு விடத் தொடங்கும். கோழி முட்டை 55 கிராம் என்றால் கூஸ் முட்டை 150 கிராம். பெரிய முட்டையில் அந்தச் சூடு லேசில் வெளியேறாது. தாய்ப்பறவை ஒரு நேரம் இறங்கிப் போவதால் முட்டை ஆறுகிறது. இன்குபேட்டரில் அந்த இடைவெளி இல்லை. அதனால் ஒரு வாரம் பத்து நாளுக்குப் பிறகு தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து ஆறவிடுவார்கள். அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். நனைக்கத் தெளிப்பதில்லை, ஆற்றத் தெளிப்பது. கூஸுக்கும் மணிலாவுக்கும் இது உதவும். காம்பெல், பீக்கிங் எல்லாம் தெளிக்காமலே நன்றாகப் பொரிக்கும். கடைசி மூன்று நாள் தெளிக்கவும் கூடாது, புரட்டவும் கூடாது. உள்ளே ஈரப்பதத்தை 70க்கு மேல் ஏற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

வயலோரம்
பார்த்தீர்களா? தெளிக்க வேண்டும் என்கிறார்.

தெர்மோகோல்
பார்த்தீர்களா? தெளிக்காமலே பொரிக்கும் என்கிறார். அதோடு வெதுவெதுப்பான தண்ணீர் என்கிறார். நீங்கள் தெளித்தது பச்சைத் தண்ணீரா, வெந்நீரா?

வயலோரம்
குளத்தில் வாத்துக்கு யார் வெந்நீர் போடுகிறார்கள்?

தெர்மோகோல்
கேள்விக்குப் பதில் வரவில்லை.

வயலோரம்
தம்பி, உங்கள் அப்பா தலைமுறையில் வீட்டில் கரண்டே இருந்திருக்காது. ஒரு கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல், ஓர் அடைக்கோழி. கோழிக்கு 21 நாள்தான் கணக்கு. வாத்து முட்டை என்றால் இன்னொரு வாரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். தன் குஞ்சு இல்லை என்று தெரியாமல் வளர்க்கும். அந்தக் குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கி நீந்தும்போது அந்தக் கோழி கரையில் நின்று தவிக்கும் பாருங்கள், அதைப் பார்த்தவனுக்குத்தான் இந்தத் தொழில் புரியும். குண்டு பல்பும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வைத்து அட்டைப்பெட்டிக்குள் குஞ்சு பொரிப்பவர்களுக்குப் புரியாது. போன கோடையில் ஒரு ராத்திரி கரண்ட் போய் உங்கள் பெட்டியில் 30 முட்டை வீணானது என்று நீங்களே புலம்பினீர்கள். என் கோழிக்குக் கரண்ட் போனதில்லை.

தெர்மோகோல்
அதை நம்பிக்கையோடு பகிர்ந்துகொண்டேன். அதையே எடுத்துக் குத்துகிறீர்கள். சரி. முட்டை அடை வைக்கும்போது கூடையில் இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைப்பீர்களா?

வயலோரம்
வைப்பேன்.

தெர்மோகோல்
போதும். எனக்கு வேறொன்றும் தேவையில்லை.

வயலோரம்
காய்ந்த மிளகாயும் வைப்பேன். 9க்கு 8. கரி வைத்தேன், இரும்பு வைத்தேன், தண்ணீர் தெளித்தேன். 30க்குப் பூஜ்யம் எடுத்தவர் என்னை அறிவியல் கேட்கிறார்.

தாராக்குளம்
அண்ணை, 9 முட்டைக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே தெளிக்காத இன்னொரு கூடை வைத்திருந்தால் ஒப்பிடலாம். உங்கள் முட்டை எந்த இனம் என்றும் இன்னும் சொல்லவில்லை.

வயலோரம்
நாட்டு வாத்து! போதுமா? எங்கள் ஊர் வாத்து! அதற்கு என்ன சாதிச் சான்றிதழா வாங்கி வர முடியும்?

மாடித்தோட்டம்
எல்லோரும் கொஞ்சம் சாந்தமாக இருங்கள். நேற்று ராத்திரி லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றில் சிலந்திவலை மாதிரி ரத்த நரம்பு தெரிகிறது. ஒன்று வெறும் மஞ்சள். அப்புறம் ஒரு சந்தேகம்: கூஸ் குஞ்சு முதலில் யாரைப் பார்க்கிறதோ அவரையே அம்மா என்று நினைத்துப் பின்னால் வருமாமே? எனக்கு ஆபீஸ் போக வேண்டும்.

தெர்மோகோல்
உண்மைதான் அக்கா. கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி, தான் பொரித்து எடுத்த சாம்பல் கூஸ் குஞ்சுகள் தன்னையே தாயாக நினைத்துப் பின்னால் வருவதைக் காட்டினார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரு குஞ்சு மட்டும் வளர்க்காதீர்கள், ஏங்கிப்போகும். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் ஒன்றுக்கொன்று துணை.

வயலோரம்
அவர் முட்டைக்குத் தண்ணீர் தெளித்தாரா?

தெர்மோகோல்
பேச்சு அதைப் பற்றி இல்லை.

வயலோரம்
இந்தப் பேச்சே அதைப் பற்றித்தான். தொடங்கியவன் நான். தெளித்தாரா, இல்லையா?

சும்மா_வந்தேன்
நோபல் கமிட்டிக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்கலாம்.

தாராக்குளம்
அக்கா, அந்த மஞ்சளாகத் தெரிகிற ஒன்றை எடுத்துவிடுங்கள். உள்ளே அழுகி வெடித்தால் மற்ற மூன்றும் கெடும். பொரிக்கிற நேரம் குஞ்சு முட்டை ஓட்டை ஒருமுறை கொத்திவிட்டு ஒரு நாள், ஒன்றரை நாள் கூட அப்படியே படுத்திருக்கும். பாவம் என்று நீங்கள் உடைத்துவிடாதீர்கள். ஓட்டுக்கு உள்பக்கச் சவ்வில் அப்போதும் ரத்தம் ஓடும். அடிக்கடி மூடியைத் திறக்கவும் வேண்டாம், சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

வயலோரம்
அப்படி ஒட்டாமல் இருக்கத்தான் தண்ணீர் தெளிப்பது. கடைசியில் எல்லோரும் என் வழிக்குத்தான் வருகிறீர்கள்.

தாராக்குளம்
கடைசி மூன்று நாள் தெளிக்கக் கூடாது என்றுதானே அண்ணை மேலே எழுதினேன்.

வயலோரம்
தாரா வளர்ப்பவர்கள் தாராவுக்குச் சொல்லுங்கள். நான் வாத்துக்குச் சொல்கிறேன்.

தெர்மோகோல்
இவரோடு பேசிப் பயனில்லை. அடுத்த தடவை நானே 12 முட்டை வைத்து, ஆறுக்குத் தெளித்து, ஆறை அப்படியே விட்டு, எடை போட்டுப் படத்தோடு போடுகிறேன்.

வயலோரம்
கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். சரி, எனக்கு வேலை இருக்கிறது. மணி நாலு. கோழி இரைக்கு இறங்கியிருக்கும். போய்த் தெளித்துவிட்டு வருகிறேன்.

தெர்மோகோல்
வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?