வேலை ஒரு பரோ, வீடு ஒரு பரோ: லைப்ரரி கார்ட் ஆர் தாறது? (லண்டன் குடும்பக் குழு; பரோ எண்டால் லண்டனில ஒரு கவுன்சிலின்ர பகுதி)

தர்சி: கலா சித்தி நிக்கிறீங்களோ, ஒரு விசயம் கேக்கவேணும். இண்டைக்கு லஞ்ச் டைமில ஒபிஸுக்குப் பக்கத்து லைப்ரரிக்குப் போனனான், அக்கவுண்டன்சி சோதினைக்கு நான் தேடின தடிச்ச புத்தகம் தட்டில இருக்கு, எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போக அங்க நிண்ட பெடியன் என்ர அட்ரஸைப் பாத்திட்டு நீங்கள் இந்த பரோ இல்லை, கார்ட் தரேலாது எண்டிட்டான். திருப்பி வச்சிட்டு வந்திட்டன்

ரமணன்: அது அப்பிடித்தான் தர்சி. கவுன்சில் டாக்ஸ் எங்க கட்டுறியோ அங்கதான் கார்ட். நீ ஹரோ பரோவில கட்டுறாய், ஹரோவில எடு

கலா சித்தி: இல்லை ரமணன் அது பிழை. நான் இத்தனை வருசமா லைப்ரரி கவுண்டரில நிக்கிறன், சொல்லுறன் கேளுங்கோ. 1964ம் ஆண்டு லைப்ரரிச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். அந்த இடத்தில குடியிருக்கிறவை, அங்க வேலை செய்யிறவை, அங்க முழுநேரமாப் படிக்கிறவை, இவ்வளவு பேருக்கும் புத்தகம் இரவல் குடுக்கிறது கவுன்சிலின்ர கடமை. விரும்பினாக் குடுக்கலாம் எண்டில்லை, கடமை

கலா சித்தி: தர்சி உன்ர ஒபிஸ் அங்கதானே இருக்கு. வேலை ஐடியும் பே ஸ்லிப்பும் வீட்டு அட்ரஸ் உள்ள ஒரு கடிதமும் கொண்டு போ. வாயைத் திறந்தவுடன நான் இந்த பரோவில வேலை செய்யிறன் எண்டு சொல்லு. திரும்பவும் ஏலாது எண்டால் மேலாளை வரச் சொல்லு

தர்சி: நான் கிழமையில ரெண்டு நாள்தான் ஒபிஸ் போறன், மிச்சம் வீட்டில இருந்துதான் சித்தி, அது பிரச்சினையோ

கலா சித்தி: வேலை இடத்து அட்ரஸைத்தான் பொதுவாப் பாக்கிறது. பே ஸ்லிப்பில அது இல்லாட்டி ஒபிஸில ஒரு கடிதம் கேட்டு எடு

ரமணன்: உவ்வளவு கரைச்சல் ஏன், என்ர பிரெண்ட் ஒருத்தன் அந்தப் பக்கம்தான் இருக்கிறான், அவன்ர கார்ட்டில எடுத்துத் தரட்டோ

கலா சித்தி: வேண்டாம். புத்தகம் துலைஞ்சா பில் அந்தப் பெடியனுக்குத்தான் போகும். அதோட இவளுக்கு உரிமையா உள்ளதை ஏன் இன்னொருத்தன்ர பேரில எடுக்கவேணும்? எனக்கு உண்மையில மனவருத்தம் இதிலதான், எங்கட ஆக்கள் ஒருக்கா இல்லை எண்டு சொன்னா திருப்பிக் கேக்காமல் வந்திடுவினம், பிறகு அந்தப் பக்கமே போகமாட்டினம்

வாணி மச்சாள்: மாமி எங்கட கதை இன்னும் சிக்கல். நாங்கள் கென்ரன் றோட்டில பிரென்ட் பரோப் பக்கம், றோட்டைக் கடந்தா ஹரோ. பிள்ளையள் ரெண்டும் படிக்கிறது ஹரோ பள்ளிக்கூடத்தில

கலா சித்தி: நல்லதுதானே வாணி, பிள்ளையள் ரெண்டு பக்கமும் எடுக்கலாம். வீடு இஞ்ச, பள்ளிக்கூடம் அங்க

ரமணன்: வெளி ஆக்கள் எண்டு காசு கேப்பினமோ

கலா சித்தி: குடியிருக்கிறவை, வேலை செய்யிறவை, படிக்கிறவையிட்ட புத்தகம் இரவலுக்குக் காசு வாங்கேலாது. பிந்திக் குடுத்தா சில இடத்தில தண்டம், புத்தகத்தைப் பதிஞ்சு எடுப்பிச்சா கட்டணம், அதுகள் வேற. இதில ஒண்டிலயும் சேராத ஆக்களை என்ன செய்யிறது எண்டு ஒவ்வொரு கவுன்சிலும் தன்ர பாட்டில முடிவெடுக்கும், சில இடத்தில ஐடியைக் காட்டினா ஆரெண்டாலும் சேரலாம். லண்டனில சில பரோக்கள் ஒண்டாச் சேர்ந்து ஒரே கார்ட்டை ஏற்கிறதும் இருக்கு, அதால தர்சி முதல் உன்ர ஹரோ கார்ட் அங்க செல்லுமோ எண்டு ஒருக்காக் கேள்

தர்சி: ஈபுக்?

கலா சித்தி: அதை மட்டும் நம்பிப் போகாத. பதிப்பகங்கள் குடுக்கிற லைசன்ஸ் கணக்கு வேற, அதால சில இடத்தில வீட்டு போஸ்ட்கோட் அந்த பரோவா இருந்தாத்தான் திறக்கும். கடதாசிப் புத்தகத்துக்குத்தான் நான் சொன்னது

பெரியம்மா: பிள்ளையள் நான் விசிட் விசாவில வந்து நிக்கிறன், எனக்கு வீடும் இல்லை வேலையும் இல்லை பள்ளிக்கூடமும் இல்லை. தர்சி வேலைக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் யன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். எனக்கு உள்ள விடுவினமோ

கலா சித்தி: அக்கா உங்களை ஒருத்தரும் மறிக்கேலாது. உள்ள போய் இருந்து வாசிக்கிறதுக்கு கார்ட்டும் வேண்டாம் அட்ரஸும் வேண்டாம், ஆர் நீங்கள் எண்டு கூடக் கேக்கமாட்டினம். பேப்பர் கிடக்கும், கதிரை கிடக்கும், ஹீட்டரும் இருக்கும். எங்கட ஆக்கள் கூட இருக்கிற இடங்களில தமிழ்ப் புத்தகத்துக்கு ஒரு தட்டே வச்சிருக்கினம். வீட்டை கொண்டு வாறதுக்குத்தான் கார்ட், வந்து நிக்கிறவைக்கு சில கவுன்சில் தற்காலிகமா ஒண்டு குடுக்கும், ஆனா கொஞ்சப் புத்தகம்தான் எடுக்க விடுவினம்

பெரியம்மா: வாசிக்க விட்டாலே காணும் எனக்கு

வாணி மச்சாள்: பெரிய மாமி சனிக்கிழமை நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். தர்சி அவவின்ர பாஸ்போட்டை எடுத்து வை, தற்காலிக கார்ட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்

கலா சித்தி: போகமுதல் திறக்கிற நேரத்தைப் பாருங்கோ. காசில்லை எண்டு கன இடத்தில நேரத்தை வெட்டிப்போட்டினம், சனி மத்தியானத்தோட பூட்டுற இடமும் இருக்கு

தர்சி: சரி சித்தி. நான் இப்பவே ஒபிஸுக்குக் கடிதம் கேட்டு ஈமெயில் போடுறன், புத்தகத்தை வேற ஆரும் எடுத்திட்டா பதிஞ்சு வைக்கிறன்