உமிழ்நீர் மாதிரி: வேறு நல்ல சொல் உண்டா? (திங்களன்று அச்சு)

அன்பர்களே, வணக்கம்.

கொரோனா வைரஸ் தொற்றை எச்சிலில் கண்டறிவது பற்றி ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். அதில் முக்கிய எடுத்துக்காட்டு யேல் பல்கலைக்கழகத்தின் சலைவா டைரக்ட் முறை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி பெற்றது. மூக்கில் குச்சி விடுவதில்லை. ஆர்.என்.ஏ.வை (வைரஸின் மரபுப்பொருளை)த் தனியே பிரிப்பதும் இல்லை. எச்சிலில் ஒரு நொதியைச் சேர்த்து, 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, நேரே பி.சி.ஆருக்கு (மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனைக்கு) அனுப்பிவிடுகிறார்கள். என் சிக்கல் வேறு. 'துப்புங்கள்' என்று எழுதினால் நம் ஆள் காறித் துப்புவார், சளிதான் வரும். வேண்டியதோ வாயில் தானாக ஊறி வழிவது. அதற்கு என்ன சொல்?

*

தம்பி,

பாடநூலில் 'உமிழ்நீர்' நிலைத்துவிட்டது, சரி. ஆனால் அது வினைத்தொகை. உமிழ்ந்த நீர், உமிழ்கின்ற நீர், உமிழும் நீர் என்று முக்காலத்திலும் துப்பல்தான். நீங்கள் கேட்பது உமிழாத நீர். 'ஊறுநீர்' என்க.

*

ஐயா, 'ஊறு' என்றால் தீங்கும்தானே? நோயாளி பயந்துவிடுவார். பயப்படாதவர் ஊறுகாய்த் தண்ணீரா என்று கேட்பார். நான் மாதிரி எடுக்கும் வேலையில் இருப்பவள். 'எச்சில்' என்றால் எல்லாருக்கும் புரியும். 'ஜொள்ளு விடுங்க' என்றால் இன்னும் சட்டென்று புரியும், எழுதத்தான் முடியாது.

*

எச்சில் என்பது எஞ்சியது. எச்சம், மிச்சம் எல்லாம் ஓரினம். தின்று மீந்ததன் பெயரை மருத்துவத்தில் வைப்பதா? குறள் 1121 பாருங்கள்: 'வாலெயிறு ஊறிய நீர்', அதாவது வெண்பற்களில் ஊறிய நீர். பாலும் தேனும் கலந்தது போன்றதாம்! ஆகவே 'எயிற்றூறல்'. எயிறு என்பதே ஈறு ஆயிற்று என்பது என் துணிபு. பேச்சில் ஈற்றை 'எகிறு' என்பதையும் இதோடு சேர்த்தால்…

*

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் மருத்துவர். எயிற்றூறல் அழகான சொல், ஆனால் வேறு பொருளுக்கு. அமெரிக்காவில் 2012இல் வீட்டுப் பயன்பாட்டுக்கு அனுமதித்த எச்.ஐ.வி. சோதனையில் ஈறு ஓரமாகத் தடவி எடுப்பார்கள். அங்கே கசியும் நீரில் எதிர்ப்பொருள் (நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குவது) இருக்கும், தேடுவது அதைத்தான். பிரிட்டனில் 1994 முதல் தட்டம்மையை உறுதிசெய்வதும் இப்படித்தான். சலைவா டைரக்டில் தேடுவது வைரஸின் ஆர்.என்.ஏ.வை. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. அப்புறம், பி.சி.ஆரை 'விரைவுச் சோதனை' என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயர் கால் மணி நேரத்தில் கோடு காட்டும் பட்டைக்குப் போய்விட்டது.

*

எயிறு–ஈறு உறவுக்குச் சான்று எங்கே? 'எகிறு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

*

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை, அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'உமிழ்நீர் மாதிரி' (நால்வர் ஆதரவு, அதிலும் இருவர் சலிப்போடு). ஈற்றோரக் கசிவுக்கு 'எயிற்றூறல்', அடைப்புக்குறிக்குள் விளக்கத்துடன். செய்முறையில் அக்கா சொன்னபடி: 'இருமாமல், காறாமல், வாயில் ஊறும் எச்சிலை குழாயில் வழியவிடுங்கள்.'

*

தம்பி, தலைப்பில் உமிழ்நீர், உள்ளே எச்சில்! என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். அது கிடக்கட்டும், 'எச்சிலைக்' என்று ஒற்று மிக வேண்டும். இப்போது இருப்பதைப் படித்தால் சாப்பிட்ட இலையைக் குழாயில் திணிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. அச்சாகிவிட்டதா?