பெரிய வீட்டு இன்சூரன்ஸ் தாளும் ஈப்போ கடிதமும்

கானாடுகாத்தான் பெரிய வீடு (குடும்பக் குழு)

ஞாயிறு, காலை 9:40

தேவகோட்டை அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். பெரிய வீட்டு இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. வெளியாட்கள் வந்து தங்கும் வீடாக மாற்றிய பிறகு முதல் தடவை புதுப்பிக்கிறோம். ஏஜென்ட் அனுப்பிய தாளில் 'பயங்கரவாதச் சேதம்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குப் பிரீமியமும் தனி. போடலாமா, வேண்டாமா?

தேவகோட்டை அண்ணன்: [படம்]

சின்னவன், சென்னை: பெரியப்பா, அதே தாளில் கீழே பாருங்கள். போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர் இவற்றால் வரும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று போட்டிருக்கிறது. அதற்கும் தனியாகக் கட்டிக்கொள்ள முடியாதா?

தேவகோட்டை அண்ணன்: கேட்டுவிட்டேன். இந்தப் பாலிசியில் முடியாதாம். பயங்கரவாதத்துக்கு மட்டும் 2002-ல் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்தார்களாம். அதிலிருந்து தருவார்களாம்.

சின்னவன், சென்னை: அப்படியானால் இவர்கள் கணக்கில் பயங்கரவாதம் போர் இல்லை. டிவியில் எல்லாரும் போர் என்கிறார்களே, எது சரி?

கண்டனூர் அம்மான்: தம்பி, இதை இன்சூரன்ஸ் தாளை வைத்து முடிவு செய்யாதே. 2008 நவம்பர் 26 அன்று ராத்திரி என் மகள் பம்பாயில் இருந்தாள். சிஎஸ்டி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் அங்கே சுட ஆரம்பித்துவிட்டார்கள். விடியும்வரை உன் அத்தை போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. 166 பேர் செத்தார்கள். வந்தவர்கள் கடல் வழியாக வந்தவர்கள், அனுப்பியவர்கள் பாகிஸ்தானில் இருந்தவர்கள். இதைப் பிக்பாக்கெட் கேஸ் மாதிரி கோர்ட்டில் வாய்தா போட்டுக்கொண்டா இருப்பது? இது போர்தான்.

மதுரை ஆச்சி: அம்மான், அந்த ராத்திரி எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த ராத்திரியிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கிர்காவ் சௌபாட்டியில் துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ்காரர், கசாப் நீட்டிய துப்பாக்கியின் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குண்டுகள் அவர் உடம்பில்தான் இறங்கின. அவர் விடாததால் கசாப் உயிரோடு பிடிபட்டான். உயிரோடு பிடிபட்டதால்தான் எங்கிருந்து வந்தார்கள், யார் பயிற்சி கொடுத்தார்கள் என்பது கோர்ட்டில் சாட்சியாக ஏறியது.

மதுரை ஆச்சி: 2010 மே மாதம் தண்டனை, 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தூக்கு. நாலு வருஷம். அதே வழக்கில் கூட நிறுத்தப்பட்ட இரண்டு இந்தியர்களைச் சாட்சி போதாது என்று விடுதலை செய்தார்கள். அந்த இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். போர் என்று வைத்துக்கொண்டால் அவர்களை யார் பிரித்துப் பார்த்திருப்பார்கள்?

கண்டனூர் அம்மான்: அது சரி. அனுப்பியவனை உன் கோர்ட் என்ன செய்தது ஆத்தா? அவன் அங்கேதானே இருக்கிறான். பஹல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேரைச் சுட்டார்கள். மே 7-ல் நம் விமானப்படை போன பிறகுதான் அந்தப் பக்கம் பதில் வந்தது. சம்மன் அனுப்பியா வந்தது?

மதுரை ஆச்சி: அந்த இடத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன் அம்மான். ஒரு நாட்டு அரசாங்கம் இடம் கொடுக்கிறது என்றால் அது இரண்டு நாட்டுக்கு நடுவில் உள்ள விஷயம். அதற்குப் படையும் வேண்டும், பேச்சுவார்த்தையும் வேண்டும். ஆனால் கையில் பிடிபட்ட ஆளை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அதில்தான் சொல் முக்கியம். கொஞ்சம் தாமதமானாலும் கோர்ட் வழி நகரத்தான் செய்கிறது. அந்தப் பம்பாய் தாக்குதல் சதி வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணாவை 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவந்தார்களே.

சின்னவன், சென்னை: அமெரிக்கா போர் என்றுதானே சொன்னது அத்தை? அவர்களுக்கு என்ன ஆனது?

மதுரை ஆச்சி: அதற்கு ஒரு குடும்பமே போதும். ரம்சி யூசுப் 1993-ல் நியூயார்க் வர்த்தக மையத்தில் குண்டு வைத்தவன். பிடித்து அங்கேயே சாதாரண கோர்ட்டில் நிறுத்தினார்கள். 1998 ஜனவரியில் ஆயுள் தண்டனை, இன்றைக்கும் உள்ளே இருக்கிறான். அவன் மாமன் காலித் ஷேக் முகமது 2001 தாக்குதலுக்குத் திட்டம் போட்டவன். 2003-ல் பிடித்தார்கள். போர் என்று சொல்லி, ரகசியச் சிறை, முகத்தில் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணற வைப்பது 183 தடவை, பிறகு குவாண்டனாமோ ராணுவச் சிறை. அந்த வழக்கு இருபது வருஷத்துக்கு மேலாகியும் முழு விசாரணைக்கே போகவில்லை. செத்தவர்களின் பிள்ளைகள் ஒரு தீர்ப்பைக் காதால் கேட்கவில்லை. மருமகனுக்குக் கிடைத்த தண்டனை மாமனுக்குக் கிடைக்காமல் போனது எதனால் என்று யோசித்துப் பாரு.

மதுரை ஆச்சி: இன்னொன்றும் இருக்கிறது. போர் என்றால் எதிரி சிப்பாய் ஆகிவிடுவான். 1981-ல் பிரிட்டிஷ்காரன் சிறையில் ஐரிஷ் கைதிகள் பத்துப் பேர் பட்டினி கிடந்து செத்தது, எங்களைக் குற்றவாளி என்று சொல்லாதே என்பதற்காகத்தான். ரயில் நிலையத்தில் பெண்டு பிள்ளைகளைச் சுட்டவனுக்குச் சிப்பாய் என்ற மரியாதையை நான் கொடுக்க மாட்டேன்.

காலை 11:15

ஈப்போ சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். இன்சூரன்ஸ் என்றதும் எனக்கு இங்கே நடந்தது ஞாபகம் வந்தது. 1948 ஜூன் மாதம் இங்கே மலாயாவில், சுங்கை சிப்புட்டில், மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டார்கள். பன்னிரண்டு வருஷம் காட்டுக்குள் சண்டை நடந்தது. ஆனால் வெள்ளைக்காரன் அதைப் போர் என்று சொல்லவில்லை, 'அவசர காலம்' என்றான். போர் என்றால் லண்டன் இன்சூரன்ஸ் பணம் வராது, தோட்டக்காரர்கள் கெடுவார்கள் என்பதால்தான் அந்தப் பெயர் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள்.

கண்டனூர் அம்மான்: நம் ஐயா தோட்டமும் அப்போது இருந்ததே.

ஈப்போ சித்தப்பா: இருந்தது. ஐயா 1950-ல் அப்பத்தாவுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது. மெல்லிய தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. ரப்பர் மரத்துப் பட்டையை வரிசை வரிசையாக வெட்டிப் போட்டதும், இருட்டிய பிறகு யாரும் வெளியே தலை காட்டாததும் எழுதியிருக்கிறார். ஆத்தா, உனக்கும் ஒன்று சொல்கிறேன். பெயர் போர் இல்லை என்பதால் மட்டும் நியாயம் வந்துவிடவில்லை. விசாரணை இல்லாமல் ஆயிரக்கணக்கில் அடைத்தார்கள், நாடு கடத்தினார்கள். நம் பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் கணபதியை, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள்.

மதுரை ஆச்சி: சித்தப்பா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். குற்றம் என்று பெயர் வைத்துவிட்டு, சட்டத்தை மட்டும் போர்க்காலச் சட்டமாக வைத்துக்கொள்வது நம் ஊரிலும் உண்டு. தடா, பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் எல்லாம் அப்படித்தான். திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ பொடாவில் 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். ராஜீவ் காந்தி வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கும், ஒருவர் விடாமல், தூக்கு என்றது. அடுத்த வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தது. 19 பேருக்குக் கொலையில் பங்கில்லை என்று வெளியே விட்டது. நான் அப்போது ஜூனியர் வக்கீல். தீர்ப்பு நகல் வந்த அன்று அந்த 19 பெயரையும் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். அந்தத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

கண்டனூர் அம்மான்: 26-ல் 19 பேரா? எனக்கு நாலைந்து பேர்தான் ஞாபகம்.

தேவகோட்டை அண்ணன்: பேச்சோடு பேச்சாக ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டத்தையும் சேர்த்தே கட்டிவிடலாம்.

கண்டனூர் அம்மான்: கட்டு. தம்பி, அந்தக் கடிதத்துக்கு மறுபக்கம் இருக்கிறதா?

ஈப்போ சித்தப்பா: இருக்கிறது அண்ணே. தோட்டத்தில் பால் வெட்டிய ஆட்களில் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் பெயர் எழுதியிருக்கிறார். ஏழு பேர். என்ன குற்றம் என்று எழுதவில்லை. கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் 'மாரியாயி மகன், வயது 16' என்று இருக்கிறது.

கண்டனூர் அம்மான்: அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு.