புது ஹெட் கேஸ்கட் போட்டும் பம்ப் எஞ்சின் காத்து விடுது, எங்கால எண்டு எப்பிடிப் பிடிக்கிற?

படுவான்கரைப் பொடியன் (வெல்லாவெளி):
எல்லாருக்கும் வணக்கம். வட்டைக்குள்ள (வயல் வெளி) தண்ணி இறைக்கிற மூண்டிஞ்சி பம்ப், எஞ்சின் ஹொண்டா ஜீஎக்ஸ் 160. சிறுபோக வேளாண்மை குடலையில (கதிர் வெளிய வர முந்தின பருவம்) நிக்குது, வாய்க்கால் கடைசிக்கு தண்ணி ஒழுங்கா வந்து சேருதில்ல, இந்த நேரம் பாத்து பம்ப் மக்கர் பண்ணுது. இழுத்தா ஸ்டார்ட் வரும், லோட் குடுத்தா மூச்சு வாங்கும், ஹெட்டுக்கும் (சிலிண்டருக்கு மேல மூடி) பிளொக்குக்கும் இடையில டிக் டிக் எண்டு சத்தம், அந்த இடத்தில கறுப்பா ஒயில் கசியுது. டவுண் பக்கம் ஒரு கடையில குடுத்தம், அந்த இடையில வைக்கிற சீல், புதுக் கேஸ்கட் ஒண்டு போட்டு ரெண்டு பக்கமும் சிலிக்கனும் பூசித் தந்தாங்க, கொஞ்ச நாள்தான், திரும்ப அதே கதை. இப்ப ஏர் பில்டருக்குள்ளயும் ஒயில் ஊறி வருது. திரும்பவும் அங்க கொண்டு போக மனமில்ல, நானே கழட்டலாமா?

கல்முனை ஸ்பேனர்:
கழட்டுங்க தம்பி, பெரிய வேல இல்ல. ஆனா கழட்ட முதல் எங்கால போகுது எண்டு புடிங்க, கழட்டினாப் பொறகு அத பாக்கேலா. சோப் தண்ணிய நல்லா நுரைக்க அடிச்சி, எஞ்சின் ஆறினதும் ஹெட் மூட்டச் சுத்தி ஊத்திப்போட்டு கயித்த மெதுவா இழுங்க, வெளிய விடுதெண்டா முட்ட முட்டயா கெளம்பும். பில்டருக்கு ஒயில் வாற கதையப் பாத்தா உள்ளுக்கும் விடுது போல. அந்த எஞ்சினில சிலிண்டருக்குப் பக்கத்திலயே வால்வத் தள்ளுற புஷ் ரொட் போற ஓட்ட, ரெண்டுக்கும் நடுவுல கேஸ்கட் ஒடுங்கின ஒரு பட்டிதான், அது எரிஞ்சா காத்து அதுக்குள்ள பூந்து, டெப்பட் கவர்ல (வால்வுக்கு மேல உள்ள மூடி) இருந்து பில்டருக்குப் போற ரப்பர் குழாயால ஒயிலயும் தள்ளிக்கிட்டு வரும். பம்ப வரம்புல சரிச்சி வெச்சி ஓட்டினாலும், ஒயில் அளவுக்கு மேல ஊத்தினாலும் இதே மாதிரி வரும், அதயும் பாத்துக்கங்க.

சிலிண்டர் அழுத்தம் அளக்கிற கம்ப்ரஷன் கேஜ நம்பாதீங்க. கயிறு லேசா இழுபட எண்டு ஸ்டார்ட்டிங்ல எக்ஸோஸ்ட் வால்வக் கொஞ்சம் தொறந்து விடுற அமைப்பு கேம்ல (வால்வத் தொறக்கிற தண்டு) இரிக்கி, ரீடிங் கொறச்சித்தான் காட்டும். நான் செய்யிறது, பழைய பிளக் ஒண்டுட பீங்கான உடச்சி எடுத்துட்டு அந்தக் கூட்டுல காத்து நிப்பிள் ஒட்டி வெச்சிரிக்கன், அதப் பூட்டி டயர் கடக் கொம்ப்ரசர்ல 30, 40 பிஎஸ்ஐ குடுப்பன். டெப்பட் கவரக் கழட்டிப் பாருங்க, பிஸ்டன் மேல உச்சியில, வால்வ அமத்துற ரெண்டு ரொக்கரும் லூசா ஆடுற இடத்தில நிக்கணும். கொஞ்சம் விலகி நிண்டாலும் காத்து பிளைவீலச் சுத்தி விட்டுடும், கைய தூர வைங்க. கார்பரேட்டர்ல சீறினா இன்டேக் வால்வு, சைலன்சர்ல சீறினா எக்ஸோஸ்ட் வால்வு, மூட்டுல நுர வந்தா கேஸ்கட். ஒயில் ஊத்துற வாயால வந்தா பிஸ்டன் ரிங்கா கேஸ்கட்டா எண்டு கழட்டித்தான் சொல்லலாம், விட்ட இடத்தில கேஸ்கட்டுல கறுப்புக் கோடு விழுந்திரிக்கும்.

வாழைச்சேனை போட்காரன்:
கவர் கழட்ட முதல் அந்த ரப்பர் குழாயக் கழட்டிட்டு ஓட விட்டுப் பாருங்க, புஸ் புஸ் எண்டு பலமா தள்ளினா அண்ணன் சொன்னதுதான். சிலிக்கன் பூசினவனுக்கு என்ன சொல்ல! அந்தச் சூட்டுக்கு அது தாங்காது, ஹெட் கேஸ்கட் காஞ்ச முகத்திலதான் இருக்கணும்.

படுவான்கரைப் பொடியன்:
கழட்டிட்டன். புஷ் ரொட் பக்கம் கறுத்துத்தான் கிடக்கு, மிச்சமெல்லாம் சிலிக்கன் தோல் தோலா உரியுது. புதுக் கேஸ்கட் எடுத்துட்டன், அளந்து இறுக்கிற டோர்க் ரெஞ்ச்தான் இல்ல.

கல்முனை ஸ்பேனர்:
புதுச போட முதல் ஹெட்டப் பாருங்க. அலுமினியம், இரும்பால சுரண்டாதீங்க, பிளாஸ்டிக் துண்டு போதும். நேரான இரும்பு அடிமட்டத்த குறுக்கயும் மூலைக்கு மூலையும் வெச்சி அடியில பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க, 0.10 மில்லி பூந்தா வளஞ்சிட்டு. லேசான வளவு எண்டா தடிச்ச கண்ணாடியில 400 வாட்டர் பேப்பர் ஒட்டி, தண்ணி விட்டு எட்டுப் போட்டு தேயுங்க, முழு முகமும் ஒரே நெறமா வரணும். கூட எண்டா லேத்துக்கு. பிளொக் முகத்தயும் பாக்க மறக்காதீங்க, ஹெட்ட நேரா நிறுத்துற ரெண்டு டவல் பின்னும் எடத்தில இரிக்கணும். நாலு போல்ட்டும் குறுக்க குறுக்க, மூணு தரமா இறுக்கி கடைசி 24 நியூட்டன் மீட்டர்.

வாழைச்சேனை போட்காரன்:
ரெஞ்ச் இல்லாட்டி மீன் நிறுக்கிற தொங்கு தராசு போதும். போல்ட் நடுவில இருந்து சரியா 20 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனர்ல கொளுவி, ஸ்பேனருக்கு நேர் குறுக்க இழுங்க, தராசு 12 கிலோ காட்டினா கிட்டத்தட்ட அந்த 24தான். நாங்க தோணி எஞ்சினுக்கு இப்பிடித்தான், ஆனா அதுக்கு அளவு வேற, இத அங்க போடாதீங்க.

கல்முனை ஸ்பேனர்:
ஹா ஹா, அது சரிதான் மச்சான். தம்பி, பூட்டினாப் பொறகு டெப்பட் இடைவெளி (ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல) வைங்க, எஞ்சின் குளிர்ல இன்டேக் 0.15 மில்லி, எக்ஸோஸ்ட் 0.20 மில்லி. ஹெட் தேச்சிரிந்தா அது மாறித்தான் இரிக்கும். பொறகு அதே காத்து, அதே சோப் தண்ணி, வயலுக்குக் கொண்டு போக முதல்.