64 பிட் கவுண்டருக்கு மாறினால் 32 பிட் ரூட்டர் திணறுமா?

வைகைக்கரை:
வணக்கம். திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்கு இணைய இணைப்பு வழங்கி வருகிறோம். நான்கு கோர் கொண்ட 32 பிட் ரூட்டரில் லினக்ஸ் ஓடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்.என்.எம்.பி. (வலையமைப்புக் கருவிகளிடம் கணக்குக் கேட்கும் நெறிமுறை) பதிப்பு 1 வழியாக, ஒவ்வொரு போர்ட்டிலும் போகும் பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுண்டரைப் படித்து அளவெடுக்கிறோம். அழகர் ஆற்றில் இறங்கிய அதிகாலையில் வீட்டுக்கு வீடு நேரலை ஓடியது, வேகம் போதவில்லை என்று அழைப்புகளும் வந்தன. ஆனால் வரைபடம் 114 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. 64 பிட் கவுண்டருக்கு மாறினால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூடும் வேலையை இந்த ரூட்டர் தாங்குமா?

ஆனைமலை:
அந்த 114 தற்செயலானதன்று. 32 பிட் கவுண்டர் 4,29,49,67,296 பைட்டில் சுழியத்துக்குத் திரும்பிவிடும். அதைப் பிட்டாக்கி 300 நொடிக்குப் பகிர்ந்தால் கிடைக்கும் உச்சமே 114.5 மெகாபிட். ஒரு கிகாபிட் இணைப்பு நிரம்பி ஓடினால் 34 நொடியில் ஒரு சுற்று முடிகிறது. ஐந்து நிமிடத்தில் எட்டுச் சுற்றுக்கு மேல் ஓடினாலும் உங்கள் மென்பொருளால் ஒன்றைத்தான் ஊகிக்க முடியும். 20 மெகாபிட்டுக்கு மேற்பட்ட இடைமுகங்களில் பைட்டுகளை 64 பிட்டில் எண்ண வேண்டும் என்று 2000-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 2863 சொல்கிறது. பதிப்பு 1-இல் 64 பிட் வகையே இல்லாததால் முதலில் எஸ்.என்.எம்.பி. பதிப்பு 2சி-க்கு மாறுங்கள். டிரைவர் (போர்ட்டை இயக்கும் மென்பொருள்) உள்ளே 32 பிட்டிலேயே எண்ணினால் மேல்பாதி என்றும் சுழியமாகவே இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

மாடக்குளம்:
சுமையைப் பற்றிச் சொல்கிறேன். 32 பிட் பிராசஸரில் 64 பிட் கூட்டல் இரண்டு படிகளில் நடக்கிறது: கீழ்ப்பாதியைக் கூட்டி, மிகுதியை மேல்பாதியில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேறொரு கோர் படித்தால் கணக்கு 4 ஜிபி பின்னால் போய்விட்டதுபோலத் தெரியும். இதைத் தடுக்க லினக்ஸில், எழுதுபவர் (பாக்கெட்டை எண்ணும் நிரல்) எழுதும் முன்னும் பின்னும் ஒரு வரிசை எண்ணை உயர்த்துகிறார். படிப்பவர் (அளவெடுக்கும் நிரல்) அந்த எண் மாறியிருந்தால் மறுபடி படிக்கிறார். ஆகவே காத்திருப்பு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கே. பாக்கெட்டுக்குக் கூடுவது சில கட்டளைகள்தாம். 64 பிட் பிராசஸரில் இந்தக் காப்பே தேவைப்படுவதில்லை.

உண்மையில் வேகத்தைக் கெடுப்பது கவுண்டரின் அகலமன்று. நான்கு கோர்களும் ஒரே கவுண்டரில் எழுதும்போது அந்தக் கேஷ் வரி (கோரின் வேக நினைவகத்தில் கவுண்டர் இருக்கும் துண்டு) கோருக்குக் கோர் இழுபடுவதுதான். அதனால் பேருந்து நடத்துநர்கள் தத்தம் பையில் வசூலை வைத்திருந்து பணிமனையில் ஒப்படைப்பதுபோல, கோருக்கு ஒரு கவுண்டர் வைத்து, கேட்கும்போது மட்டும் கூட்டிக்கொள்கிறார்கள். இதற்கு விலை நினைவகம்: 2,000 சந்தாதாரருக்குத் தலா நான்கு கவுண்டர் என்றால் நான்கு கோருக்கும் சேர்த்து 2,56,000 பைட். 32 பிட்டில் இதில் பாதி. உங்கள் ரூட்டருக்கு இது பாரமாகாது.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. 2சி-க்கு மாற்றினேன், நேற்றிரவு உச்சம் 430 மெகாபிட். பிராசஸர் சுமையில் மாற்றம் தெரியவில்லை. ஒரு பழைய போர்ட் மட்டும், ஆனைமலை சொன்னபடியே, 4 ஜிபியில் சுழியத்துக்குத் திரும்புகிறது; டிரைவரைப் புதுப்பிக்கும்வரை அதை மட்டும் 15 நொடிக்கு ஒருமுறை படிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.